'சின்ன ரிவோல்வர் லேசு' எண்ட கதை

இஞ்ச வன்னியிலை நினைச்ச ஆள் இடுப்பிலை கைத்துவக்கோடை திரியேலாது. 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டம் இண்டைக்கும் உயிரோடைதான் கிடக்கு. கனடாவிலை 2022 ஒக்ரோபரோடை சாதாரண சனத்துக்குக் கைத்துவக்கு விக்கிறதே நிண்டுபோச்சு. மிச்சம் அமெரிக்கா. டெக்சாஸிலை 2021 செப்ரெம்பரிலை இருந்து 21 வயசுக்கு மேற்பட்ட கன பேர் அனுமதிப்பத்திரம் இல்லாமலே கொண்டு திரியலாம். அங்கை கடை நடத்துற எங்கட பொடியள் ஊருக்கு வைபர் எடுத்துக் கேக்கிறதும் அதைப் பற்றித்தான்: ரிவோல்வரோ, பிஸ்டலோ? ரிவோல்வரிலை ரவையள் சுழலுற சிலிண்டருக்குள்ளை கிடக்கும். பிஸ்டலிலை கைபிடிக்குள்ளை ஏத்துற மகசினிலை கிடக்கும்; சுட்ட உடனை மேலை இருக்கிற ஸ்லைட் பின்னுக்குப் போய்வந்து வெறும் கோதை எறிஞ்சு அடுத்த ரவையை ஏத்தும்.

ஆர் எவரெண்டாலும் ஒரே பதில்தான் சொல்லுவினம்: "புதுசெண்டா சின்ன ரிவோல்வரை எடு, கரைச்சல் இல்லை." பிழையான புத்திமதி. அது வைச்சிருக்க லேசு, சுடக் கஸ்ரம்.

ஸ்மித் அன்ட் வெசன் 642 எண்ட சின்ன ரிவோல்வரைப் பாருங்கோ. .38 ஸ்பெஷல் எண்ட வகை ரவை அஞ்சு பிடிக்கும், ரெண்டு அங்குலமும் இல்லாத குழல். வெறும் பாரம் 410 கிராம் அளவு, எங்கட பேக்கரிப் பாண் ஒரு இறாத்தலை விடக் குறைவு. ஆனா விசையை இழுக்கக் கிட்டத்தட்ட 12 இறாத்தல் பலம் வேணும். ஒரு இறாத்தல் இல்லாத சாமானை 12 இறாத்தலிலை இழுத்தா அது நேரா நிக்குமோ? இழுத்து முடியிறதுக்குள்ளை குழல் நுனி சரிஞ்சுபோம். குறி பாக்க மேலை கிடக்கிறது ஒரு சின்னப் பள்ளமும் ஒரு மேடும் மட்டும். இந்தப் பாரத்திலை, அதைவிடப் பலமான .357 மக்னம் ரவை சுடுற மொடலும் விக்கினம். அதை வாங்கிறவன் ரெண்டாம் நாள் சுட்டுப் பழகிற ரேஞ்சுக்குப் போகமாட்டான்.

இனிப் பிஸ்டல். சிக் சவர் பி365 2018இலை வந்தது. 9 மி.மீ., மகசினிலை 10, சேம்பரிலை, அதாவது சுடத் தயாரா ரவை நிக்கிற குழலின்ரை பின்முனையிலை, ஒண்டு. பாரம் அரைக் கிலோ. விசை ரிவோல்வரின்ரை பாதியளவு. தடிப்பு ஒரு அங்குலம். 642இன்ரை சிலிண்டர் 1.3 அங்குலம்.

"ரிவோல்வர் இறுகாதே" எண்டு கேப்பியள். இறுகும். கோதைத் தள்ளுற நட்சத்திரத் தகட்டுக்குக் கீழை எரியாத மருந்துத் தூள் ரெண்டு மணி போனாலே காணும், சிலிண்டர் சுழலாது. அதாலை கோது கொட்டேக்கை குழலை வானத்துக்குப் பிடிச்சுத் தள்ளுகோலிலை ஒரே அடி. குழலைக் கீழை சரிச்சுத் தள்ளினா தூள் உள்ளுக்கு வரும். பாரம் குறைஞ்ச துவக்கிலை உதைப்பு கூட. அந்த உதைப்பாலை சில ரவையளிலை சன்னம், அதாவது பறந்து போற முன்துண்டு, கோதிலை இருந்து முன்னுக்கு நகர்ந்து சிலிண்டரையே மறிக்கும். பிஸ்டல் திக்கினா மகசினுக்கு அடியிலை ஒரு தட்டு, ஸ்லைட்டை ஒரு இழுவை, அநேகமாச் சரி. ரிவோல்வர் இறுகினா மேசையும் கருவியும் வேணும். வெடிக்காத ரவைக்கு மட்டும் ரிவோல்வர் கெட்டிக்காரன்: திரும்ப இழுக்க அடுத்தது வரும்.

பிஸ்டலும் புனிதமில்லை. மணிக்கட்டைத் தளர விட்டா ஸ்லைட் முழுசாப் போய்வராது, கோது வாயிலை நட்டுக்கொண்டு நிக்கும். ஒரே ரவையை நாளாந்தம் ஏத்தி இறக்கினா சன்னம் கோதுக்குள்ளை இறங்கி அமுக்கம் கூடும். புது ரவையோடை பக்கத்திலை நிப்பாட்டிப் பாருங்கோ, கட்டையாத் தெரிஞ்சா எறியுங்கோ.

பெரிய ஆபத்து வெறுமையாக்கேக்கைதான். முதல் மகசினைக் கழட்டவேணும், பிறகுதான் ஸ்லைட்டை இழுக்கவேணும். மாறிச் செய்தா, சேம்பரிலை இருந்தது வெளியிலை விழும், மகசினிலை இருந்து இன்னொண்டு உள்ளுக்கு ஏறும். கையிலை ஒரு ரவையும் மகசினும் இருக்க "காலி" எண்டு நினைப்பான். கண்ணாலை பாத்து, சுண்டுவிரலாலை தடவித்தான் நம்பவேணும். ரிவோல்வரிலை இந்தச் சிக்கல் இல்லை. சிலிண்டரைத் திறந்தா அஞ்சு ஓட்டையும் முகத்துக்கு நேரை.

ஸ்லைட் இழுக்கக் கைப்பலம் காணாத அம்மாமாருக்கு ரிவோல்வர் எண்டும் சொல்லுவினம். 12 இறாத்தல் விசையை ஒரு விரலாலை இழுக்கிறவவுக்கு ஸ்லைட்டோ பாரம்? லேசா இழுபடுற பிஸ்டலுகளும் இப்ப இருக்கு.

பொக்கற்றுக்கு மட்டும் ரிவோல்வர்தான் என்ரை தெரிவு. குழல் நுனி எதிலையெண்டாலும் அமத்துப்பட்டாப் பிஸ்டலின்ரை ஸ்லைட் கொஞ்சம் பின்னுக்குப் போகும், சுடாது. ரிவோல்வருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. எதைப் போட்டாலும் விசையை மூடுற உறை கட்டாயம். வேர்வைக்கும் பஞ்சுத் தூளுக்கும் கிழமைக்கொருக்கால் துடையுங்கோ. அந்தப் பொக்கற்றுக்குள்ளை கடைத் திறப்பையோ சில்லறையையோ போடாதேங்கோ.