பெரிய டீச்சரைப் பற்றிப் பேசுவதானால் முழுதாகப் பேசுங்கள்

ஞாயிற்றுக்கிழமை, மறைந்த நம் பெரிய டீச்சரின் படத்திறப்பில் பேசப்பட்டதை நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலோர் நேரிலோ கைப்பேசியிலோ கேட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சை வார்த்தை மாறாமல் இங்கே எழுதி அவருக்கு இன்னொரு முறை அவமரியாதை செய்ய எனக்கு மனமில்லை. ஊருக்காக ஓடியவர் வீட்டைக் கவனிக்கவில்லை என்பதும், மகனுக்குக் காய்ச்சல் கண்ட இரவில்கூட அவர் பெரியவர்களுக்கு எழுத்தறிவிக்கும் அறிவொளி மையத்தில் இருந்தார் என்பதும்தான் அதன் சாரம். அதைக் கேட்டு முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் பெரிய டீச்சரிடம்தான் அ, ஆ எழுதக் கற்றவர்கள் என்பது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

தெருமுனையில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிப் பதாகையையும் பார்த்தேன். மகன்கள், மருமகள்கள், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என எல்லோருடைய பெயரும், படிப்பும், வேலை பார்க்கும் ஊரும் அதில் இருந்தன. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியராக ஓய்வு பெற்ற ஒருவரின் பதாகையில் தலைமையாசிரியர் என்று ஓர் இடத்திலும் இல்லை. பாசமிகு தாய், அன்புப் பாட்டி என்று மட்டும் இருந்தது. அவர் பாசமான தாய்தான், அன்பான பாட்டிதான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் இந்த ஊரின் ஆசிரியராகவும் வாழ்ந்தார். பதாகை அந்த வாழ்க்கையை விட்டுவிட்டது, மேடை அதையே குற்றமாகச் சொன்னது. இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தன.

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், இளையவர்களுக்காக எழுதுகிறேன். நடவுக் காலத்தில் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். பெண் பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுவார்கள். பெரிய டீச்சர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று, “கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லிப் பிள்ளைகளை அழைத்து வருவார். மூன்றாம் வகுப்பில் நான் உட்கார்ந்திருந்த பலகையில் எனக்கும் என் தோழிக்கும் நடுவே அவளுடைய தம்பி தூங்கிக்கொண்டிருப்பான். எந்த அதிகாரியும் இப்படிச் செய்யுங்கள் என்று அவருக்குச் சொல்லவில்லை. ஆய்வுக்கு வந்த ஒருவர், இது பள்ளிக்கூடமா பால்வாடியா என்று கேட்டதாகச் சொல்வார்கள்.

பிறகு அறிவொளி வந்தது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அந்த இயக்கம் தொடங்கியபோது ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போய் வீதி நாடகம் போட்டன. தொண்டர்கள் சம்பளம் வாங்காமல் கோயில் மண்டபத்திலும் தெருவிளக்கின் கீழும் பாடம் நடத்தினார்கள். படிப்போடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற முடிவு அந்த இயக்கத்தின் தனிச்சிறப்பு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் சைக்கிளில் போனார்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது இதற்குச் சுமார் பத்தாண்டுகள் கழித்துத்தான்.

பெரிய டீச்சருக்கு அதுவரை சைக்கிள் ஓட்டத் தெரியாது. நாற்பதைத் தாண்டியிருந்த வயதில், பள்ளி மைதானத்தில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தன்னிடம் படித்த பிள்ளைகளின் கண் முன்னே அவர் விழுந்து எழுந்து கற்றார். தான் விழுந்தால்தான் மற்றவர்களுக்கு வெட்கம் விடும் என்று என் அம்மாவிடம் சொன்னாராம். என் அம்மா குடுமியான்மலைப் பக்கம் கல் குவாரியில் வேலை பார்த்தவர். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல், பார் வைத்த ஆண்கள் சைக்கிளை வாடகைக்கு எடுத்துத்தான் அவரும் கற்றார். எங்கள் வீட்டில் அதற்கு நடந்த சண்டையை விவரிக்கத் தேவையில்லை. அடுத்த மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் முற்றி உடம்பு தூக்கிப் போட்டபோது, அப்பா வெளியூரில் இருந்தார், பஸ் போய்விட்டது. அம்மா என்னைப் பாரில் உட்கார வைத்து, துண்டால் தன்னோடு சேர்த்துக் கட்டி, ஆரம்ப சுகாதார நிலையம்வரை ஓட்டிக்கொண்டு போனார். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்ற வார்த்தை மேடையில் வந்தபோது என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

இழவு வீட்டில் வழக்காடலாமா என்று கேட்பீர்கள். வழக்கை நான் கொண்டு வரவில்லை. ஒலிபெருக்கி வைத்துக் கொண்டு வந்தவர்களிடம் கேளுங்கள்.

சம்பளம் வாங்கிச் செய்த வேலையைச் சேவை என்று சொல்லலாமா என்று ஒருவர் என் முந்தைய பதிவில் எழுதியிருந்தார். பள்ளிக்கூடம் மணியடித்து முடிந்தபின், மாலையில் தன் வீட்டுச் சமையலை முடித்துவிட்டு, லாந்தரும் சிலேட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்து போனதற்கு எந்தக் கருவூலமும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. அவருடைய சம்பளத்தில் வாங்கிய சிலேட்டுகள் எத்தனை வீட்டில் இருந்தன என்பதைக் கணக்கெடுக்க இன்று யாரும் இல்லை. அறிவொளியில் கையெழுத்துப் போடக் கற்றவர்கள் பலர் பிறகு மறந்துவிட்டார்களே என்கிறார்கள். உண்மைதான். 1992இல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தபின் தொடர்கல்வி அதே வேகத்தில் நடக்கவில்லை, பல மையங்கள் படுத்துவிட்டன. அதற்கு ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியையைப் பொறுப்பாக்க முடியுமா? என் அம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பதை மறக்கவில்லை, சைக்கிளை யாரும் மறக்கவில்லை.

குடும்பத்தாரின் மனவருத்தத்தை நான் மதிக்கிறேன். அம்மா மாலையில் வீட்டில் இல்லையே என்று ஏங்கிய பிள்ளைக்கு அந்த ஏக்கம் உண்மை. அதை அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டால் எனக்கு அதில் பேச உரிமை இல்லை. ஆனால் மேடையில் பேசியவர் பிள்ளை இல்லை. அந்த இரவில் வீட்டில் பிள்ளையின் அப்பா இருந்தார், அப்பத்தா இருந்தார், கைவைத்தியம் தெரிந்த பக்கத்து வீட்டு அக்காவும் இருந்தார். பெரிய டீச்சரும் ஒன்பது மணிக்கு வந்துவிட்டார். பிள்ளையை அனாதையாக விட்டுப் போனதுபோல் பேசுகிறவர்கள், வீட்டில் இருந்த அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசினார்களா? நம் உயர்நிலைப் பள்ளியில் பணிபுரிந்த எத்தனை ஆண் ஆசிரியர்களுக்கு நினைவுக் கூட்டம் நடத்தியிருக்கிறோம். சங்க வேலைக்காக மாதக்கணக்கில் வெளியூர் போனவர்களைத் தியாகிகள் என்றோம். அவர்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததா என்று ஒரு முறையாவது யாராவது கேட்டதுண்டா?

இந்த மண்ணுக்கு இது புதிதும் இல்லை. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியை மகாராஜா கல்லூரியில் ஆண்களோடு சேர்க்கக் கூடாது என்று எதிர்த்த ஊர்தான் இது. மருத்துவராகி, சென்னைச் சட்ட மேலவையில் உட்கார்ந்து, அவ்வை இல்லத்தைத் தொடங்கிய அவரும் இரண்டு மகன்களின் தாய். இன்று அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். பெரிய டீச்சரின் பெயரைச் சொல்லும்போது மட்டும் நமக்கு அவர் எத்தனை மணிக்கு வீடு திரும்பினார் என்ற கணக்கு தேவைப்படுகிறது.

ஓய்வு பெற்றபின் அவர் திண்ணையில் பேரப்பிள்ளைகளோடு தெருப் பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முறுக்கு எல்லோருக்கும் ஒரே அளவுதான். பேத்திக்கு இரண்டு கொடுத்தால் பக்கத்துப் பிள்ளைக்கும் இரண்டு. அந்தப் பேத்திதான் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, “அத்தை, எங்க அப்பாயி பாடம் எடுத்த படம் உங்ககிட்ட ஏதாவது இருக்கா?” என்று கேட்டாள். வீட்டில் ஒன்றுகூட இல்லையாம், கல்யாணப் படங்கள்தான் இருக்கின்றனவாம். நான் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். இத்தனை பேருக்கு எழுத்தறிவித்தவர் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் ஒரு படம்கூட அவர் வீட்டில் இல்லை.

ஆகவே அறிவொளிக் காலத்துப் படங்கள், மையத்தின் வருகைப் பதிவேடு, கற்றவர்கள் எழுதிய நோட்டு, எது உங்கள் பரணில் இருந்தாலும் அவள் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். பள்ளியின் ஆண்டு விழாவுக்கு முன் தலைமையாசிரியர் பெயர்ப் பலகையைப் புதுப்பிக்கப் போவதாகச் சொல்கிறார்கள். அதில் அவருடைய பெயர், பணியாற்றிய ஆண்டுகளோடு இருக்கிறதா என்று பார்க்க நான் போவேன். அன்று மேடையில் பேசியவரும் அந்தப் பள்ளியில் படித்தவர்தான், அவரும் வரட்டும்.