பாலில்லாத சில வேளைகள்

மதுரையில் ஒருவர் தம்மை வீகன், அதாவது கறி, முட்டை, பால் என்று விலங்கிலிருந்து வரும் எதையும் உண்ணாதவர் என்று சொல்லிக்கொண்டால், எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "பீட்டாவில் சேர்ந்துவிட்டீர்களா?" என்பதாகத்தான் இருக்கும். ஜல்லிக்கட்டை எதிர்த்து வழக்காடிய விலங்குரிமை அமைப்பு பீட்டா. 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்ததும், அந்தத் தடையை நீக்கக் கோரி 2017 சனவரியில் அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் மக்கள் இரவு பகலாகக் கூடியிருந்ததும் இந்த ஊருக்கு இன்னும் மறக்கவில்லை. ஆகவே விலங்குகளின் பெயரைச் சொல்லிச் சோற்றுத் தட்டைப் பற்றிப் பேச வருபவர் யாராயினும் அவரை ஓரக்கண்ணால் பார்ப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. அந்தச் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை முன்னிட்டு, நம் அடுப்படியிலேயே பாதிக்குமேல் நடந்துகொண்டிருக்கும் ஒரு நல்ல காரியத்தை வெளியூர்ச் சரக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

நான் வீகன் அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கறி எடுப்பது உண்டு. காலையில் குடிக்கும் பால் காபியை விடும் எண்ணமும் எனக்கு இல்லை. இருந்தாலும் கறி, மீன், முட்டை மட்டுமல்லாமல் பால், தயிர், நெய் எதுவுமே சேராத சாப்பாட்டு வேளைகளைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு வருகிறேன். இதைச் சொன்னால், "விடுவதென்றால் முழுதாக விடுங்கள், இல்லையென்றால் பேசாமல் சாப்பிடுங்கள், இதென்ன அரைகுறை?" என்று கேட்பவர்களே அதிகம். அரைகுறை என்பதை ஒரு வசையாக எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. இவர் இன்ன சாப்பாட்டுக்காரர் என்று ஆளுக்கு முத்திரை குத்துவதை விட்டுவிட்டு, இன்றைக்கு இந்த வேளை எப்படி இருந்தது என்று கணக்குப் பார்ப்பதே நம் வழக்கத்திற்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

நம் வழக்கத்திற்கு என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 97 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அசைவம் உண்பவர்கள் என்று பதிவாகியிருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டில்தான் புரட்டாசி பிறந்தால் கறிக்கடைகளில் கூட்டம் குறைகிறது, திருப்பரங்குன்றத்தில் சஷ்டிக்குக் காப்புக் கட்டியவர்கள் ஆறு நாளும் கவிச்சியைத் தொடுவதில்லை, பழனிக்கு நடக்கவும் சபரிமலைக்குப் போகவும் மாலை போட்டவர்கள் வீட்டில் மீன் சட்டி பரணுக்குப் போய்விடுகிறது. விரதம் முடிந்த மறுநாளே அதே வீட்டில் குழம்பு கொதிக்கிறது. யாரும் அவர்களைப் பார்த்து வேடதாரி என்று சொல்வதில்லை. நாள் பார்த்து விடுவதும் நாள் பார்த்துச் சாப்பிடுவதும் நமக்குப் பழகிய ஒழுங்கு. அதே ஒழுங்கைப் பாலுக்கும் நீட்டினால் மட்டும் ஏன் அரைகுறை ஆகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

சொல்லப்போனால், இந்த ஊரில் சிக்கல் கறியில் இல்லை, பாலில்தான் இருக்கிறது. கறி வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ வருவது. பாலோ விடிந்தது முதல் படுக்கப் போகும் வரை வந்துகொண்டே இருப்பது. கறியை விட்ட விரத நாட்களில்தான் வெண்பொங்கலில் நெய் மிதக்கிறது, தயிர் இரண்டு கரண்டி கூடுகிறது, பாயசத்துக்கென்று தனியாக ஒரு பாக்கெட் பால் வாங்கப்படுகிறது. இது நெடுங்கால வழக்கம் என்றும் சொல்லிவிட முடியாது. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சிக்குப் பிறகு, பாக்கெட் பால் வாசலுக்கே வந்து சேர்ந்த பிறகுதான், எல்லா வீட்டிலும் எல்லா நேரமும் பால் என்பது சாதாரணமாயிற்று. அதற்கு முன்பு கிராமங்களில் மாடு வைத்திருந்த வீட்டுக்காரர்களே பாலை விற்றுவிட்டு மோரைத்தான் குடித்தார்கள். விருந்தாளிக்குக் கருப்பட்டிக் காபி போட்டுக் கொடுத்தார்கள்.

ஏன் குறைக்க வேண்டும் என்பதற்கு ஊருக்கு ஊர் ஒரு காரணம் சொல்வார்கள். கால்நடை வளர்ப்பினால் வெளியாகும் வாயுக்கள், மனிதச் செயல்களால் உண்டாகும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 விழுக்காடு என்று ஐக்கிய நாடுகள் அவையின் உணவு, வேளாண்மை அமைப்பு 2013இல் கணக்கிட்டுச் சொன்னது. அதில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு, மாடு போன்ற அசைபோடும் கால்நடைகளின் வயிற்றிலிருந்து வரும் மீத்தேன். நீர் தேங்கிய நெல் வயலும் மீத்தேன் விடுகிறது என்பதால் சோற்றைத் தின்றுகொண்டே மாட்டின் மேல் முழுப் பழியையும் போட முடியாது. எனக்கு அந்தக் கணக்கைவிடப் பக்கத்தில் இருப்பது வேறொன்று. கன்று ஈனாமல் பசு பால் கறக்காது. ஈன்ற கன்று கிடாரியாக இருந்தால் வளர்ப்பார்கள். காளைக் கன்றாக இருந்தால், ஏரும் வண்டியும் டிராக்டருக்கும் மினி லாரிக்கும் போய்விட்ட இந்தக் காலத்தில் அதற்கு யாரும் தீனி போட மாட்டார்கள், சந்தைக்குத்தான் ஓட்டுவார்கள். வாடிவாசலுக்கு என்று பாசமாக வளர்க்கப்படுவது நாட்டு மாட்டுக் கன்றுகளில் ஒரு சிலவே. ஜெர்சி கலப்பினக் கன்றுக்கு அந்தப் பாக்கியமும் கிடையாது. காளைக்காகத் தெருவில் உட்கார்ந்த ஊர் நாம். நாம் குடிக்கும் பாலுக்குப் பின்னால் இருக்கும் காளைக் கன்றைப் பற்றியும் ஒரு நிமிடம் யோசிக்கலாம் என்று சொல்வதில் பீட்டாவுக்கு வேலையே இல்லை.

அதே நேரத்தில், உசிலம்பட்டிப் பக்கம் இரண்டு மாட்டை வைத்துக்கொண்டு சொசைட்டியில் பால் ஊற்றி, அந்தப் பணத்தில் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டும் பெண்ணிடம் போய் இதைப் பேச எனக்கு வாய் வராது. பேசவும் கூடாது. குறைத்துக்கொள்ள வேண்டியது தேவைக்கு மேல் வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் அடுக்கி வைக்கும் நகரத்து வீடுகள்.

சமையலுக்கு வருவோம். இட்லிக்குத் தேங்காய்ச் சட்னியும் தக்காளிச் சட்னியும், இடியாப்பத்துக்குத் தேங்காய்ப் பாலும், மதியத்துக்கு எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்போ மொச்சைக்கொட்டைக் குழம்போ பருப்பு உருண்டைக் குழம்போ, தொட்டுக்கொள்ள அகத்திக்கீரைப் பொரியல், மாலையில் தட்டைப்பயற்றுச் சுண்டல், வயதுக்கு வந்த பெண் இருக்கும் வீட்டில் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்ந்த உளுந்தங்களி என்று, இவற்றில் எதிலும் விலங்கிலிருந்து வந்தது ஒன்றுமில்லை. பேரையூர், கல்லுப்பட்டிப் பக்கத்துக் குதிரைவாலியைச் சோறாக்கிப் புளிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டவருக்கு இந்த வேளை வீகன் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று தொடங்கப்பட்டது நம் அண்ணா நகரில்தான்; காலையில் அங்கே ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் வாரத்துக்குத் தேவையான காயும் கீரையும் பையில் விழுந்துவிடும். ஓட்ஸ் பால், பாதாம் பால் என்று அட்டைப் பெட்டியில் அடைத்து ஆவின் பாலைவிடப் பல மடங்கு விலைக்கு விற்பவற்றைப் பார்த்துவிட்டு இது பணக்காரர்கள் சமாச்சாரம் என்று முடிவு கட்டியவர்கள், சாயங்காலத்தில் தெருமுனைக்கு வரும் பருத்திப்பால் வண்டியை ஒரு முறை பார்க்க வேண்டும். பருத்திக் கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சி, மேலே தேங்காய்த் துருவலைத் தூவிக் கொடுக்கும் அந்தப் பானத்தை, ஜிகர்தண்டாவின் புகழ் வெளிச்சத்தில் நாம் போதுமான அளவு கொண்டாடவில்லை என்பது என் நெடுநாள் மனத்தாங்கல்.

தயிர் மட்டும் எளிதில் வழிக்கு வரவில்லை. வேர்க்கடலையை இரவில் ஊறப்போட்டுத் தோலைக் கசக்கி எடுத்து, நைசாக அரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, அடிபிடிக்காமல் கிண்டிக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடிவைத்தால் மறுநாள் உறைந்திருக்கும். பிறகு அதிலேயே ஒரு கரண்டி எடுத்து அடுத்த முறைக்கு உறை ஊற்றிக்கொள்ளலாம். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் சேர்த்து மோராக அடித்தால் வெயிலுக்கு நன்றாகவே இருக்கிறது. வெண்டைக்காய் போட்ட மோர்க்குழம்பு வைத்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் சோற்றில் பிசைந்து மாவடு கடித்துச் சாப்பிடத் தோதில்லை; கடலை வாசனை தொண்டை வரை வரும். தயிர்ச்சாதம் என்றால் எங்கள் வீட்டில் இன்னும் மாட்டுத் தயிர்தான், அதில் எனக்குக் கூச்சமும் இல்லை.

உறவுமுறைதான் இதில் சமையலைவிடக் கடினம். வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு நாள் நான் வரக்காப்பி போட எழுந்தபோது அத்தை என்னை உள்ளே கூப்பிட்டு, "வந்த மனுசருக்கு வரக்காப்பியக் குடுத்தா, பாலுக்கு வக்கில்லாத வீடுன்னு நெனைப்பாகளேத்தா" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பால் இந்த ஊரில் வெறும் உணவுப் பொருள் அன்று, மரியாதையும்கூட. ஆகவே விருந்தாளிகளுக்குக் கொடுப்பதில் நான் கைவைப்பதில்லை. என் தட்டில் மட்டும் கைவைத்துக்கொள்கிறேன்; பிள்ளைகள் கேட்டால் அவர்களுக்கும்.

சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பி12 வைட்டமின் தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதில்லை. முழு வீகனாக இருப்பவர்கள் அதை மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ எடுத்தே ஆக வேண்டும். இடையிடையே பாலும் முட்டையும் மீனும் சாப்பிடும் என்னைப் போன்றவர்களுக்கு அந்த நெருக்கடி குறைவு, ஆனாலும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. சுண்ணாம்புச் சத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது, அதே அளவு பசும்பாலில் 120 மில்லிகிராம் போல. கேழ்வரகில் உள்ளது முழுவதும் உடம்பில் ஒட்டாது என்பதால் முளைகட்டி மாவாக்கிக் கூழோ புட்டோ செய்வது மேல்.

முழு வீகன் நண்பர்கள் என்னிடம் வைக்கும் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். "அறுபடும் ஆட்டுக்கு நீங்கள் புதன்கிழமை கீரை சாப்பிட்டது தெரியுமா?" என்கிறார்கள். தெரியாதுதான். அவர்களுடைய உறுதி எனக்கு இல்லை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு தெருவில் ஒரே ஒரு வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு மற்ற வீடுகள் அதைப் பார்த்து மிரண்டு ஒதுங்குவதைவிட, பத்து வீடு பாதிப் பாதியாகக் குறைப்பதில் சந்தைக்கு ஓட்டப்படும் உருப்படிகள் அதிகம் குறையும். முழுமையைக் கேட்டால் நம் ஆட்கள் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு வேளையைக் கேட்டால் சரி பார்க்கலாம் என்பார்கள்.

வெளியில் சாப்பிடும்போதுதான் இப்போதைக்குத் தடுமாற்றம். பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளி கறி இல்லை என்று மட்டும்தான் சொல்லும், பால் இருக்கிறதா என்று சொல்லாது. வீகன் உணவுக்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் தனி விதிமுறை கொண்டுவந்து முத்திரையும் வைத்திருக்கிறது, ஆனால் புரோட்டாக் கடைக் கல்லுக்குப் பக்கத்தில் முத்திரை ஏது? வெறும் சால்னா என்று கேட்டு வாங்கினாலும் அது எலும்போடு கொதித்ததாகத்தான் இருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்வதே வழி. கேட்டால் முறைக்கும் கடைகளும் உண்டு, சிரிக்கும் கடைகளும் உண்டு. சிம்மக்கல் பக்கம் ஒரு சின்ன மெஸ்ஸில் எதில் நெய் விழுந்திருக்கிறது என்று நான் விசாரித்தபோது, பரிமாறிய பையன் வாளியைக் கீழே வைக்காமலே, "சாம்பார்ல இல்லக்கா, ரசத்துல தாளிக்கையில விடுவோம். பருப்புப் பொடி போட்டு நல்லெண்ணெய் ஊத்தவா?" என்றான். ஊற்றச் சொன்னேன்.