தட்டைக் கூரை கான்கிரீட்டோடு வந்ததல்ல

கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பழைய வீடுகளைப் பற்றிய ஓர் உரையாடலில், தட்டைக் கூரை என்பதே ஐரோப்பிய நவீனக் கட்டடக்கலை நமக்குக் கொடுத்தது என்றும், அதற்கு முன் இங்கே ஓட்டுச் சாய்கூரை மட்டுமே இருந்தது என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. கம்பி கட்டிய கான்கிரீட் தளம் பிற்காலத்தது என்பது சரிதான்; ஆனால் தட்டைக் கூரை பிற்காலத்தது அல்ல.

மரக்கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டு மூடும் மெட்ராஸ் டெரஸ் முறை, கான்கிரீட்டுக்கு முன்பே தமிழகத்தில் பரவலாக இருந்தது. கருங்கல் தாராளமாகக் கிடைக்கும் நம் வட்டாரத்திலோ கற்பலகையை மேலே கிடத்தும் பழக்கம் இன்னும் தொன்மையானது. சூளகிரி அருகே மல்லசந்திரத்தில் உள்ள பெருங்கற்காலக் கல்திட்டைகளின் மூடுகல்லே அதற்குச் சாட்சி. (அவை ஈமச்சின்னங்கள், வீடுகள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

கொடுக்கல் வாங்கல் எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. ஐரோப்பிய நவீனக் கட்டடக்கலையின் முன்னோடிகளில் ஒருவரான லே கொர்பூசியே 1911இல் துருக்கி, கிரேக்கப் பகுதிகளில் பயணம் செய்து அங்குள்ள எளிய வீடுகளை வரைந்து வைத்தவர். 1927இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் நவீனக் கட்டடக்கலைஞர்கள் எழுப்பிய தட்டைக் கூரைக் குடியிருப்பைப் பிடிக்காதவர்கள் ‘அரபுக் கிராமம்’ என்றே கேலி செய்தார்கள்.

சரிபார்க்க விரும்புவோர், ஊரில் இடிபடாமல் நிற்கும் ஒரு பழைய மாடி வீட்டுக்குள் சென்று அண்ணாந்து பார்த்தால் போதும்: கட்டை வரிசையும் அவற்றுக்கிடையே செங்கல் விளிம்புகளும் தெரிந்தால், அது கான்கிரீட் தளம் அல்ல.