ரேழியில் படுத்தவனுக்கு ஒரு சிலை

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வுட்லேண்ட்ஸ் சாலையோரம் ஒரு வெண்கலக் குதிரை நிற்கிறது. அதற்கு இரண்டே கால்கள். மேலே பெரிய தொப்பி வைத்த குள்ள ஷெரீப், அதாவது அமெரிக்க ஊர்க் காவல் அதிகாரி. அதே குதிரையில் அவர் ஓயாமல் துரத்திய வில்லனும் உட்கார்ந்திருக்கிறான். முதன்முறை பார்த்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. குடையைச் சாய்த்துப் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன். குதிரை மேல் மன்னரையும் தளபதியையும் எத்தனையோ ஊர்களில் பார்த்தாயிற்று. இவரோ மாலைப் பத்திரிகையில் வந்த படக்கதை நாயகர். 1992-ல் மக்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு எழுப்பிய சிலை இது.

அவர் பெயர் லோபி டாசர். 1949-ல் கிளாஸ்கோவின் ‘ஈவினிங் டைம்ஸ்’ நாளிதழில் பட் நீல் என்ற ஓவியர் இவரை வரையத் தொடங்கினார். கதை நடப்பது அமெரிக்காவின் அரிசோனாவில், கால்ட்டன் கிரீக் என்ற ஊரில். ஆனால் கால்ட்டன் என்பது கிளாஸ்கோவின் கிழக்கே உள்ள ஏழைப் பேட்டை. பாலைவனத்தில் நடமாடும் அத்தனை பேரும் கிளாஸ்கோ தெருப்பேச்சுதான் பேசுவார்கள். வில்லன் பெயர் ரேங்க் பேஜின். அந்த ஊர்ப் பேச்சில் ‘படுமோசமானவன்’ என்று பொருள்.

என்னை உலுக்கியது நாயகனின் பெயர். அந்தப் பெயர் நினைவூட்டும் ‘லாபி டாசர்’ என்ற சொல்லுக்குப் பொருள், அடுக்குக் குடியிருப்பின் பொது நடையில் இரவைக் கழிக்கும் வீடற்றவன். ரேழியில் சுருண்டு படுப்பவன் என்று நாம் சொல்லலாம். வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடிய நகரத்தில், காலையில் கதவைத் திறந்தால் காலில் இடறக்கூடிய மனிதனின் பட்டப்பெயரை எடுத்து, சட்டத்தைக் காக்கும் ஷெரீபுக்குச் சூட்டினார் பட் நீல். எத்தனை தலையங்கம் எழுதினாலும் இதைச் செய்ய முடியுமா? படக்கதை என்றதும் “சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம்” என்று ஒதுக்குகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

டண்டீ நகரின் டி.சி. தாம்சன் நிறுவனம் வெளியிடும் ‘சண்டே போஸ்ட்’ இதழில் 1936 மார்ச் 8 அன்று தொடங்கிய ‘தி ப்ரூன்ஸ்’ என்ற படக்கதை வேறு வகை. ஒரு சின்ன வீட்டைச் சுற்றி நடக்கும் குடும்பக் கதை; தாத்தாவிலிருந்து சின்னக் குழந்தை வரை பதினொரு பேர். வரைந்தவர் டட்லி வாட்கின்ஸ், இங்கிலாந்தில் பிறந்தவர். அவருடைய கோட்டில் அந்தக் குடும்பத்தின் நெரிசலைப் பாருங்கள்: ஒருவர் நாற்காலியை நகர்த்தினால் இன்னொருவர் எழுந்து வழிவிட வேண்டும். பள்ளிக்கூடம் கொச்சை என்று திருத்திய, ஸ்காட்லாந்து மக்களின் பேச்சான ஸ்காட்ஸ் மொழி அந்தப் பக்கத்தில் வாரந்தோறும் தலைநிமிர்ந்து அச்சேறியது. அதற்காகவே வாட்கின்ஸைக் கும்பிடுவேன்.

குறையும் உண்டு. ப்ரூன்ஸ் குடும்பத்தின் வறுமை எப்போதும் சிரித்த முகத்தோடு இருக்கிறது; ஞாயிற்றுக்கிழமைக்கென்று துடைத்து வைத்த வறுமை அது. பட் நீலிடம் அந்தத் துடைப்பு இல்லை. அதனால் என் மனம் அவர் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் கிளாஸ்கோவின் குடியிருப்பு வரலாற்றை எழுதுகிறவர்கள் இரண்டையும் மேஜைமேல் வைத்தாக வேண்டும். நகராட்சி ஆவணத்தில் அறைகளின் எண்ணிக்கை கிடைக்கும். பொதுப் படிக்கட்டில் பக்கத்து வீட்டுக்காரி நின்று பேசிய பேச்சு அதில் கிடைக்காது.

1960-களில் கிளாஸ்கோவின் கரிப்புகை படிந்து கறுத்த பழைய குடியிருப்புக் கல் கட்டடங்களைத் தெருத்தெருவாக இடித்தார்கள். மக்களை நகரின் விளிம்புக்கும், முப்பது மாடியைத் தாண்டிய ரெட் ரோடு அடுக்குமாடிகளுக்கும் அனுப்பினார்கள். 1969-ல் வாட்கின்ஸ் இறந்தார். அவருக்கு ஈடான கை கிடைக்காமல், பத்திரிகை பல ஆண்டுகள் அவருடைய பழைய பக்கங்களையே மறுபடியும் அச்சிட்டது. இருபதாவது மாடிச் சமையலறையில், ஜன்னலுக்கு வெளியே வெறும் வானம் தெரிய, ஞாயிறு காலையில் அந்தப் பத்திரிகையை விரித்தவர்கள் எத்தனை பேரோ! தங்கள் பழைய வீட்டைப் போன்ற வீடும், இடிந்துபோன அதே படிக்கட்டும், எதிர்வீட்டுக் கதவும் அதில் அப்படியே இருந்திருக்கும்.