படம் எடுத்தவரின் ஊரிலிருந்து ஒரு வேண்டுகோள்

ஜனவரி 24ஆம் திகதியைத் திருகோணமலைக்காரர் இரண்டு காரணங்களுக்காக நினைவில் வைத்திருக்க வேண்டும். 2006இல் அன்று காலைதான் சுடர் ஒளி பத்திரிகை நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன், வேலைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2024இல் அதே திகதியில்தான், இணையத்தில் எழுதுவதையும் பகிர்வதையும் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. இரண்டாம் வாசிப்பில் ஆதரவாக 108 வாக்குகள், எதிராக 62. திகதி ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் அந்தச் சட்டத்தைப் பற்றி யார் பேசினாலும் எனக்குச் சுகிர்தராஜனின் கமராதான் ஞாபகத்துக்கு வரும்.

இளையவர்களுக்காக ஒருக்கால் சொல்லிவிடுகிறேன். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த குண்டு அவர்களிடமே வெடித்துவிட்டது என்பதுதான் படைத்தரப்பு முதலில் சொன்ன கதை. சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. அந்தப் படங்கள் பத்திரிகையில் வந்த பிறகு குண்டுக் கதை நிற்கவில்லை. மூன்று கிழமை கழித்து அவரும் இல்லை. அப்போது எங்கள் கையில் இணையம் இருந்த போன் இல்லை. ஒரு மனிதர், ஒரு கமரா, அச்சடிக்கத் துணிந்த ஒரு பத்திரிகை, அவ்வளவுதான்.

இனி நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்கு வருகிறேன். இணையத்தில் வரும் ஒரு கூற்று பொய்யா, அது நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தா என்று பார்த்து, அகற்றச் சொல்லும் அதிகாரம் ஐந்து பேர் கொண்ட ஓர் ஆணைக்குழுவுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அவர்களை நியமிப்பவர் ஜனாதிபதி. அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதல் வேண்டும் என்பது உண்மைதான். என்றாலும் குற்றமென்று கண்டால் ஐந்து வருடம் வரை சிறை என்று எழுதியிருக்கிற சட்டம் இது. 40க்கும் மேற்பட்ட மனுக்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. நீதிமன்றம் சொன்ன திருத்தங்களை முழுமையாகச் சேர்க்காமலே நிறைவேற்றிவிட்டார்கள் என்று அன்றைய சபாநாயகருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணையும் வந்தது, தோற்றது.

இப்போது 2006 ஜனவரி 3ஆம் திகதியை நினைத்துப் பாருங்கள். அதிகாரபூர்வக் கதை, குண்டு வெடித்தது என்பது. ஒருவர் அதற்கு எதிரான படத்தைப் பேஸ்புக்கில் போடுகிறார் என்று வையுங்கள். இந்தச் சட்டத்தின் கீழ் எதைப் பொய்க் கூற்று என்பார்கள்? படத்தையா, கதையையா? கொழும்பில் இருக்கிற ஒருவருக்கு இது சட்டக் கல்லூரியில் விவாதிக்கிற கேள்வியாக இருக்கலாம். எங்களுக்கு இது நடந்த சங்கதி. அரசு சொன்ன முதல் கதையே பொய்யாக இருந்த ஊர் இது. அதனால்தான் ‘பொய்யைத் தடுக்கத்தானே சட்டம்’ என்று யாராவது சாதாரணமாகச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது.

இணையத்தில் பொய் பரவவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தி ஒரு காணொளியாகச் சுற்றியது. பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அடுத்த மாதம் கண்டி மாவட்டத்துத் திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அரசு பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் தடை செய்தது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020இல்தான் மன்னிப்புக் கேட்டது. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்பை வாசித்து விளங்கிக்கொள்ளப் போதிய ஆட்களே அவர்களிடம் அப்போது இருக்கவில்லை.

சரி, அதற்குச் சட்டம் இல்லாமலா இருந்தது? 2007இலிருந்து ஐ.சி.சி.பி.ஆர் சட்டம் (சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம்) இருக்கிறது. மத வெறுப்பைத் தூண்டினால் பிடியாணை இல்லாமலே பிடிக்கலாம். அதை வைத்து 2020 ஏப்ரலில் யாரைப் பிடித்தார்கள்? கண்டிப் பக்கத்தில், முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புப் பிரசாரத்துக்கு எழுத்தால் பதில் சொல்ல வேண்டும் என்று முகநூலில் எழுதிய ஓய்வுபெற்ற அரச ஊழியர் ஒருவரை. ஐந்து மாதம் உள்ளே இருந்தார். அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் சொல்வதற்குள் 2023 நவம்பர் வந்துவிட்டது. வடக்குக் கிழக்கில் புலிகள் காலத்துப் பழைய படம் ஒன்றைப் பகிர்ந்ததற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போன பிள்ளைகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். சட்டம் குறைவாக இருந்ததால் எங்களுக்கு நீதி கிடைக்காமல் போகவில்லை. அது எப்போதும் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதுதான் எங்கள் பிரச்சினை.

அப்புறம் 2022. பொருளாதார நெருக்கடியில் சனம் தெருவுக்கு வந்தபோது, ஏப்ரல் 2ஆம் திகதி மாலை ஊரடங்கைப் போட்டு, 3ஆம் திகதி சமூக வலைத்தளங்களையும் முடக்கினார்கள். ஒரு நாள்கூட அதைப் பிடித்து வைக்க முடியவில்லை. ஆறு நாளில் கொழும்பின் காலிமுகத்திடல் போராட்டக்காரர்களால் நிறைந்தது. மே 9ஆம் திகதி பிரதமர் மகிந்த ராஜபக்ச பதவி விலகினார். அடுத்த நாள் அவர் எங்கள் ஊர்க் கடற்படைத் தளத்தில்தான் இருக்கிறார் என்ற செய்தி போன் போனாகப் பரவி, தள வாசலில் சனம் கூடிவிட்டது. அவர் அங்கேதான் இருக்கிறார் என்று பாதுகாப்புச் செயலாளர் ஒப்புக்கொண்டது அதற்கும் அடுத்த நாள். அரசாங்கம் வாய் திறக்கும் முன்னரே ஊர் தெரிந்துகொண்டு வாசலில் நின்றது. யுத்த காலத்தில் அந்த வாசலைக் கடக்கும்போது தலை குனிந்து போனவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

கூட்டம் சேர்ப்பதை போன் பழக்கிவிட்டது. சேர்ந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் நாங்கள் இன்னும் தடுமாறுகிறோம்.

2023 செப்டம்பரில், உண்ணாவிரதமிருந்து உயிர்விட்ட புலிகளின் திலீபனின் உருவப்படம் தாங்கிய ஊர்தி கப்பல்துறைப் பக்கம் தாக்கப்பட்டது. அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் செல்வராசா கஜேந்திரன் அடி வாங்குவதை நாடே காணொளியில் பார்த்தது. பொலிஸார் பக்கத்தில் நிற்பதையும் பார்த்தது. காணொளி இருந்ததால் கைதுகள் நடந்தன, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. பிறகு 2025 நவம்பரில் எங்கள் கடற்கரையோர விகாரையில் வைத்த புத்தர் சிலையால் பிரச்சினை. இரவில் பொலிஸார் அகற்றினார்கள், மறுநாள் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த இரவு என் வட்ஸ்அப்புக்கு வந்த ஒரே காணொளியின் மேல் தமிழில் ஒரு கதையும் சிங்களத்தில் நேரெதிரான இன்னொரு கதையும் எழுதியிருந்தது. யார் எடுத்தது, எத்தனை மணிக்கு எடுத்தது, அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது, எதுவும் இல்லை. பல தடவை அனுப்பப்பட்டது என்ற இரட்டை அம்புக்குறி மட்டும் இருந்தது. எடுத்தவர் அநேகமாக எங்கள் பிராந்திய நிருபர்களில் ஒருவராக இருப்பார். செய்திக்கு இவ்வளவு என்று சொற்பக் காசு வாங்கி, தன் பெற்றோலில் ஓடித் திரிகிற மனிதர். அவர் பெயரை வெட்டிவிட்டுத் தங்கள் முத்திரையைக் குத்துகிற பக்கங்களை நாங்கள்தான் லைக் போட்டு வளர்க்கிறோம்.

இதை நான் சும்மா மன ஆதங்கத்துக்குச் சொல்லவில்லை. வட்ஸ்அப்பில் வழமைபோல் அனுப்பும் படத்தில், எடுத்த நேரமும் இடமும் பதிந்த தகவல் கழன்றுவிடும். தரமும் குறையும். 1995ஆம் ஆண்டின் சாட்சியச் சிறப்பேற்பாடுகள் சட்டப்படி, ஒரு பதிவை வழக்கில் காட்ட வேண்டுமென்றால் விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன்னரே மறுதரப்புக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் அதைப் பரிசோதிக்கக் கேட்கலாம். அப்போது மூலப் பதிவு எங்கே, யார் எடுத்தது, இடையில் யார் கைக்குப் போனது என்ற கேள்வி வரும். லட்சம் பேர் பார்த்தார்கள் என்பது அங்கே பதிலாகாது.

ஐந்து மாணவர் வழக்கு என்ன ஆனது என்று தெரியும்தானே. 2019 ஜூலை 3ஆம் திகதி, விசேட அதிரடிப்படையினர் உட்பட 13 பேரையும் போதிய சாட்சியம் இல்லை என்று திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. சாட்சிகள் மிரட்டப்பட்டு நாட்டை விட்டே போயிருந்தார்கள். உலகம் முழுக்க அறிந்த படங்கள் இருந்தும் அதுதான் நடந்தது. அப்படியிருக்க, யார் எடுத்தது என்றே தெரியாத காணொளியை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்யப் போகிறோம்?

அதனால் தம்பிமார், தங்கச்சிமாரிடம் கேட்கிறேன். சம்பவம் ஒன்றை எடுத்தால், பதிவிடும் முன்னர் மூலப் பதிவை அப்படியே ஒரு மெமரி கார்டில் போட்டு வையுங்கள். யாருக்காவது கொடுக்க வேண்டுமென்றால் வட்ஸ்அப்பில் டொக்கியுமென்டாக அனுப்புங்கள், தகவல் கழன்றுபோகாது. வெட்டாதீர்கள், பாட்டுச் சேர்க்காதீர்கள். முகம் தெரிந்தால் ஆபத்தில் மாட்டக்கூடியவர் யார் என்று ஒரு நிமிடம் பாருங்கள். அனுப்பியவரின் பெயரைக் குழுவில் கேட்காதீர்கள். அவரைக் காப்பாற்றுவதும் எங்கள் வேலை.

இன்னொன்று. 2025இல் முத்துநகர் விவசாயிகள் தங்கள் வயல்களைச் சூரிய மின்சாரத் திட்டத்துக்கு எடுத்ததை எதிர்த்துக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால் குந்தியிருந்தபோது, நான் கண்ட லைவ்களில் எல்லாம் அழுகையும் கோபமும் இருந்தன. அது வேண்டும்தான். ஆனால் காணி எந்த நிபந்தனையில் கொடுக்கப்பட்டது, யார் கையெழுத்துப் போட்டது என்பதைக் கேட்கிற உரிமையும் அந்தச் சனத்துக்கு உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தமிழில் எழுதிக் கொடுக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் கொடுக்கிறோமா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கு மேலே ஆணைக்குழு. தொல்பொருள், வனம், துறைமுகம் என்று இந்த மாவட்டத்தில் எல்லைக்கல் நட்ட ஒவ்வொரு இடத்துக்கும் இப்படி ஒரு கடிதம் போக வேண்டும். வந்த பதிலை அப்படியே படம் எடுத்துப் போடுங்கள். அரசு தானே கையெழுத்திட்டுத் தந்த கடிதத்தைப் பொய்க் கூற்று என்று சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை.

இதை வாசிக்கிற சட்டத்தரணிகள், சட்டம் படிக்கிற பிள்ளைகள் யாராவது, இந்த இரண்டையும் (பதிவைப் பாதுகாக்கும் முறை, தகவல் கேட்கும் கடிதம்) சாதாரணத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதித் தாருங்கள். அச்சடிக்கிற செலவு என்னுடையது. மூதூர், குச்சவெளி, கிண்ணியா, வெருகல் பக்கம் பிரதேச செயலக வாசலில் நின்று கொடுக்க ஆட்கள் தேவை. வரக்கூடியவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.