உறைந்த கோழியை நேரடியாக ஸ்லோ குக்கரில் இடுவது பற்றி

உறைந்த கோழித் துண்டுகளைக் காலையில் அப்படியே ஸ்லோ குக்கரில் (உணவைப் பல மணி நேரம் மெல்ல வேகவைக்கும் மின் பாத்திரம்) போட்டு 'லோ' எனும் குறைந்த சூட்டு நிலையில் வைத்துவிட்டு வேலைக்குச் செல்லலாம் என்றும், எட்டு மணி நேரம் வேகும்போது கிருமிகள் எல்லாம் அழிந்துவிடும் என்றும் சிலர் சொல்வதுண்டு. இது பாதி உண்மை மட்டுமே. முடிவில் கறி கொதிநிலையை நெருங்கும் என்பது சரிதான். ஆனால் அந்த நிலையை அடைய அது எடுத்துக்கொள்ளும் நேரமே இங்கு முக்கியம்.

ஸ்லோ குக்கர் மெல்லச் சூடேறும் பாத்திரம் என்பதால், பனிக்கட்டியாக இருக்கும் கோழி, கிருமிகள் வேகமாகப் பெருகும் 4 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் பல மணி நேரம் தங்கிவிடக்கூடும். அப்போது ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் உண்டாக்கும் நச்சு, பின்னர் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அழிவதில்லை. அமெரிக்க வேளாண் துறையும் இறைச்சியை முழுமையாக உருக வைத்த பிறகே ஸ்லோ குக்கரில் இடுமாறு அறிவுறுத்துகிறது.

வேலை நாட்களுக்கு இது பெரிய சுமையும் அல்ல. முந்தைய இரவே கோழியை உறைபெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால், சிறு துண்டுகள் காலைக்குள் பெரும்பாலும் உருகிவிடும். முழுக்கோழிக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். கறி பஞ்சுபோல் பிரிவதை மட்டும் நம்பாமல், தடித்த பகுதியின் உட்புறம் 74 டிகிரியை எட்டியதா என்று வெப்பமானியால் பார்த்துவிடுங்கள். குழந்தைகளும் முதியவர்களும் உண்ணும் வீட்டில் இந்தச் சோதனையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.