மக்காச்சோள நார் குடித்தால் சிறுநீரகக் கல் கரையுமா?

"மக்காச்சோள நாரைக் கொதிக்க வைத்து ஏழு நாள் குடியுங்கள், எவ்வளவு பெரிய சிறுநீரகக் கல்லும் கரைந்துவிடும். பக்கவிளைவே இல்லை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. கரையாது.

கதிர் நுனியில் பழுப்பாகத் தொங்குமே, அந்த நாரைக் காய்ச்சிக் குடிப்பது சீனாவிலும் துருக்கியிலும் பழைய வழக்கம்தான். சிறுநீர் கொஞ்சம் கூடுதலாகப் போகலாம். ஆனால் பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பால் ஆனவை. அதைக் கரைக்க மாத்திரையே கிடையாது, நார் எங்கே கரைக்கப் போகிறது? யூரிக் அமிலத்தால் ஆன கல் மட்டும் மருந்தில் கரையும். அதற்கு மருத்துவர்கள் தருவது பொட்டாசியம் சிட்ரேட்.

"குடித்தேன், கல் விழுந்தது" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கற்கள் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். பேர் மட்டும் கஷாயத்துக்கு!

அப்புறம், ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். மக்காச்சோளப் பயிரைத் தின்னும் படைப்புழுவுக்குப் பூச்சிமருந்து அடித்த வயலின் நார் யாருக்குமே வேண்டாம். கல் வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் நின்றுபோனாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அடைப்போடு கிருமித்தொற்றும் சேர்ந்தால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம்.